சமையலறை ஏன் இப்படி இருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக வீடு கட்டுகிறவர்கள், வாடகை வீட்டு அடுப்படியோடு மல்லுக்கட்டுகிறவர்கள், சும்மா வரலாறு பிடித்தவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. சிலவற்றுக்கு நீளமான பதில் தேவைப்பட்டது. சிலவற்றுக்கு நாலு வரி போதும்.

சமையலறை என்று தனி அறை எப்போது வந்தது?

அடுப்பு மிகப் பழையது, அறைதான் புதியது. தென்னாப்பிரிக்காவின் வொண்டர்வெர்க் குகையில் சுமார் 10 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய சாம்பலும் கருகிய எலும்பும் கிடைத்திருக்கின்றன. இஸ்ரேலின் கெசெம் குகையில், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நெருப்பு மூட்டிய அடுப்பின் தடயம் இருக்கிறது. அதற்கு வயது சுமார் 3 லட்சம் ஆண்டுகள். 'இன்றைக்கு இங்கே, நாளைக்கு எங்கேயோ' என்றில்லாமல், நெருப்புக்கு ஓர் இடம் என்று முடிவானதை அங்கே பார்க்கலாம்.

ஆனால் அந்த இடத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பித் தனி அறையாக்க வெகுகாலம் ஆனது. துருக்கியில் சத்தால்ஹூயூக் என்ற ஊரில், சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் மக்கள் நெருக்கமாக ஒட்டிய வீடுகளில் வாழ்ந்தார்கள். தெருவே கிடையாது. கூரையில் இருக்கும் திறப்பு வழியாக ஏணியில் இறங்கித்தான் வீட்டுக்குள் போக வேண்டும். அடுப்பு அந்த ஏணிக்கு அருகிலேயே இருக்கும். ஆள் வரும் வழிதான் புகை போகும் வழி. எல்லாப் புகையும் போகவில்லை என்பதற்கு அங்கே புதைக்கப்பட்டவர்களே சாட்சி. வயதானவர்களின் விலா எலும்பின் உட்பக்கத்தில் கரி படிந்திருக்கிறது. சுவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சுண்ணம் பூசியிருக்கிறார்கள், அடுக்கடுக்காக. சமைத்து, படுத்து, பிள்ளை பெற்று, செத்தவர்களைத் தரைக்கடியிலேயே புதைத்ததெல்லாம் ஒரே கூடத்தில்.

கீழே வரும் பதில்களில் இரண்டு விஷயம் திரும்பத் திரும்ப வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒன்று புகை. இன்னொன்று, அந்த அடுப்புக்கு முன்னால் யார் நிற்கிறார் என்பது.

பழைய பெரிய வீடுகளில் அடுக்களையை ஏன் கண்ணில் படாத மூலையில் வைத்தார்கள்?

தீ விபத்து பயம், புகை, வாடை, சூடு. வழக்கமாகச் சொல்லப்படும் இந்த நாலு காரணமும் உண்மைதான். ஐந்தாவது ஒன்று இருக்கிறது: அங்கே வேலை செய்பவர்கள் வீட்டுக்காரர்கள் அல்ல.

கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேயி என்ற ரோமானிய நகரத்தைப் பாருங்கள். வசதியான வீடுகளில் முற்றம், தோட்டம், சுவர் நிறைய ஓவியம். அடுக்களையோ இருட்டான சின்ன அறை. இடுப்புயரத்துக்குக் கட்டிய ஒரு மேடை, அதன் மேல் கரி நெருப்பு. பல வீடுகளில் கழிப்பிடமும் அதே அறையிலோ ஒட்டியோதான் இருக்கும். தண்ணீரும் கழிவும் ஒரே பக்கம் போனால் சௌகரியம் என்று நினைத்திருப்பார்கள். வெட்டீ குடும்பத்தின் வீடு என்று அழைக்கப்படும் மாளிகையில், அடுப்பு மேல் வைத்த வெண்கலப் பாத்திரங்கள் வைத்தபடியே கிடைத்தன. அந்த மேடைக்கு முன்னால் நின்றவர்கள் அடிமைகள். விருந்தினர் அந்தப் பக்கம் வரப்போவதே இல்லை என்றால் அறை எப்படி இருந்தால் என்ன?

18, 19ஆம் நூற்றாண்டுகளிலும் கதை பெரிதாக மாறவில்லை. இங்கிலாந்து நகர வீடுகளில் சமையல் நிலவறையில் நடந்தது. சாப்பாடு படியேறி வரும்போது பாதி ஆறிவிடும். அமெரிக்காவின் தென் மாநிலத் தோட்டங்களில் அடுக்களை ஒரு தனிக் கட்டடம். அதில் சமைத்த அடிமைப் பெண்கள் பல இடங்களில் அந்தக் கட்டடத்தின் மேல்தளத்திலேயே வாழ்ந்தார்கள். தீப்பிடிக்கும் என்று தள்ளி வைத்ததாகச் சொன்னார்கள். தீப்பிடித்தால் முதலில் யார் மாட்டுவார்கள் என்பது பேச்சிலேயே வரவில்லை.

புகைபோக்கி வந்ததும் பிரச்சினை தீர்ந்துவிட்டதா?

பாதிதான் தீர்ந்தது. ஐரோப்பாவில் 12ஆம் நூற்றாண்டு வாக்கில் கோட்டைகளில் புகைபோக்கி வரத் தொடங்கியது. சாதாரண வீடுகளுக்குப் பரவலாக வர இன்னும் 400 ஆண்டுகள் ஆயின. வந்த பிறகும், சுவரில் ஒரு பெரிய குகை மாதிரி வாய் திறந்திருக்கும், அதற்குள் விறகு எரியும். சூட்டில் பெரும்பகுதி புகையோடு சேர்ந்து மேலே போய்விடும். சமைக்கிறவருக்கு முகம் வேகும், முதுகு குளிரும்.

இதை ஒரு பொறியியல் பிரச்சினையாகப் பார்த்தவர் பெஞ்சமின் தாம்சன் (1753–1814). அமெரிக்காவில் பிறந்து, பவேரிய அரசில் உயர் பதவி வகித்து, ரம்ஃபோர்டு பிரபு என்று பட்டம் பெற்றவர். மூனிக்கில் ஏழைகளுக்கும் படைவீரர்களுக்கும் மொத்தமாகச் சமைக்க வேண்டியிருந்தது. விறகுச் செலவு அவரை உறுத்தியது. திறந்த நெருப்பை மூடு என்பதுதான் அவர் யோசனை. செங்கல் மேடை கட்டி, அதில் குழி விட்டு, பாத்திரத்தைக் குழிக்குள் இறக்கினார். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அடியில் தனியாகச் சின்ன நெருப்பு. காற்று வரும் வாயைத் திறந்து மூடித் தீயைக் கூட்டலாம், குறைக்கலாம். இன்றைக்கு அடுப்புத் திருகைத் திருப்புகிறோமே, அந்த எண்ணம் இங்கே இருக்கிறது.

அவர் அடுப்பு சாதாரண வீட்டுக்கு ரொம்பப் பெரியது. 1834இல் அமெரிக்காவில் ஃபைலோ ஸ்டூவர்ட் காப்புரிமை வாங்கிய 'ஓபர்லின்' என்ற வார்ப்பிரும்பு அடுப்பு போன்றவை அதை வீட்டளவுக்குக் கொண்டுவந்தன. கால் வைத்த இரும்புப் பெட்டி, மேலே தட்டையான தளம், பின்னால் ஒரு குழாய். குனிந்து சமைத்தவர்கள் நிமிர்ந்து நின்றார்கள்.

கேஸ் அடுப்பு எப்போது வந்தது?

நினைப்பதைவிட முன்னாலேயே. இங்கிலாந்தில் நார்தாம்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் ஷார்ப் 1826இல் காப்புரிமை பெற்றார். ஆனால் வீதியில் குழாய் இல்லாத ஊரில் அடுப்பை வைத்து என்ன செய்வது? 1880களுக்குப் பிறகுதான் வீடுகளில் வேகமாகப் பரவியது. மின் அடுப்புக்கும் இதே கதி. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் மின்சாரச் சமையலறையைக் காட்டினார்கள். பார்த்தவர்களில் பெரும்பாலோர் வீட்டில் மின்சாரமே இல்லை.

இவை இரண்டும் செய்த பெரிய காரியம் வேறு. விறகு அடுக்கும் இடமும் கரித்தொட்டியும் சாம்பல் அள்ளும் வேலையும் போயின. அறை சுருங்க முடிந்தது.

சமையலறையை 'வடிவமைக்க' வேண்டும் என்று முதலில் யோசித்தது யார்?

ஒருவரைச் சொல்ல வேண்டுமென்றால் கேத்தரின் பீச்சர். அமெரிக்கக் கல்வியாளர், திருமணம் செய்துகொள்ளாதவர். 1869இல், தங்கை ஹேரியட் பீச்சர் ஸ்டோவோடு சேர்ந்து எழுதிய நூலில் ஒரு சமையலறை வரைபடம் கொடுத்தார். வேலைக்காரர் இல்லாமல் வீட்டுப் பெண்ணே எல்லாம் செய்வதாக வைத்துக்கொண்டு போட்ட படம் அது. நீராவிக் கப்பலில் இத்துனூண்டு அறையில் 200 பேருக்குச் சமைக்கிறார்களே, வீட்டில் மட்டும் ஏன் மைல் கணக்காக நடக்க வேண்டும் என்பது அவர் கேள்வி. சன்னலுக்கு அடியில் தொடர்ச்சியான மேடை, கைக்கெட்டும் தட்டு, ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம். அடுப்பை மட்டும் கண்ணாடிச் சறுக்குக் கதவுக்குப் பின்னால் தள்ளிவிட்டார். புகை இன்னும் விட்டபாடில்லை.

அப்புறம் தொழிற்சாலை வந்தது, அதாவது தொழிற்சாலைச் சிந்தனை. தொழிலாளியின் ஒவ்வொரு அசைவையும் கடிகாரம் வைத்து அளக்கும் முறை பிரபலமான காலம் அது. கிறிஸ்டின் ஃபிரெடரிக் என்ற பத்திரிகை எழுத்தாளர் 1912இல் அதை வீட்டுக்குள் கொண்டுவந்தார். ஒரே சாமான்களை இரண்டு விதமாக அடுக்கி, சமைக்கும்போதும் ஒதுக்கும்போதும் நடக்கிற பாதையைக் கோடாக வரைந்து காட்டினார். ஒரு படம் நூல்கண்டு சிக்கல் மாதிரி, இன்னொன்று நேர்க்கோடு மாதிரி.

லில்லியன் கில்பிரெத் அதற்கு மேல் போனார். தொழில் உளவியலாளர், 12 பிள்ளை பெற்றவர், 1924இல் கணவரை இழந்தவர். தொழிற்சாலைகள் பெண் ஆலோசகரைக் கூப்பிடத் தயங்கியதால், பெண்களுக்கு உரியது என்று விட்டுவைத்த சமையலறை வழியாக உள்ளே போனார். ஒரு கேக் செய்து பார்த்த சோதனையில், அடுக்கும் முறையை மாற்றியதும் நடந்த அடிகள் 281இலிருந்து 45ஆகக் குறைந்தன. காலால் மிதித்துத் திறக்கும் குப்பைத்தொட்டியும் ஃப்ரிட்ஜ் கதவின் உட்பக்கத் தட்டுகளும் அவர் யோசனைகள் என்று சொல்வார்கள். ஒரு சின்ன வேடிக்கை: அவர் வீட்டில் சமைத்தது பெரும்பாலும் வேறு ஒருவர்.

ஃபிராங்க்ஃபர்ட் சமையலறை என்கிறார்களே, அது என்ன?

இன்றைய அடுக்குமாடி வீட்டுச் சமையலறைக்குப் பாட்டி. முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியில் வீட்டுப் பஞ்சம். ஃபிராங்க்ஃபர்ட் நகராட்சி, எர்ன்ஸ்ட் மாய் என்ற கட்டடக் கலைஞரின் தலைமையில் ஆயிரக்கணக்கான வீடுகளைக் குறைந்த செலவில் கட்டியது. சமையலறைப் பொறுப்பு, ஆஸ்திரியாவின் முதல் பெண் கட்டடக் கலைஞர்களில் ஒருவரான மார்கரெத்தே ஷூட்டே-லிஹோட்ஸ்கியிடம் போனது. ஆண்டு 1926, அவருக்கு வயது 29.

ஃபிரெடரிக்கின் நூலை ஜெர்மன் மொழிபெயர்ப்பில் படித்திருந்தார். பீச்சர் கப்பலைப் பார்த்தது போல இவர் ரயிலின் உணவுப் பெட்டியைப் பார்த்தார். கடைசியில் கிடைத்தது சுமார் 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம் உள்ள ஓர் அறை. ஒரு பக்கம் அடுப்பு, எதிர்ப்பக்கம் பாத்திரம் கழுவும் தொட்டியும் அலமாரியும், கோடியில் சன்னல், சன்னலடியில் வெட்டும் மேடை, அதன் முன்னால் உயரம் மாற்றக்கூடிய சுழல் முக்காலி. உட்கார்ந்து வெட்டு, ஏன் நிற்கிறாய் என்கிற மாதிரி. வெட்டிய தோலையும் காம்பையும் மேடையிலேயே இருக்கும் இழுப்பறைக்குள் தள்ளிவிடலாம்.

நுணுக்கங்கள்தான் எனக்குப் பிடித்தவை. அரிசி, சர்க்கரை போன்றவற்றுக்கு அலுமினிய இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் பெயர் பொறித்து. ஒரு முனையில் கைப்பிடி, மறுமுனையில் கூம்பிய வாய். உருவி எடுத்து அப்படியே பாத்திரத்தில் கொட்டலாம், கரண்டி வேண்டாம். மாவு வைக்கிற பெட்டி மட்டும் ஓக் மரம், புழு வராது என்பதற்காக. வெட்டும் பரப்பு பீச் மரம், கறையும் கத்தியும் தாங்கும். நிறம் நீலப்பச்சை, ஈ அண்டாது என்று நம்பினார்கள். இஸ்திரிப் பலகை சுவரோடு மடங்கிக்கொள்ளும். பக்கவாட்டில் ஒரு சறுக்குக் கதவு, திறந்தால் கூடத்தில் விளையாடும் பிள்ளை தெரியும்.

சுமார் 10,000 சமையலறைகள் இப்படிக் கட்டப்பட்டன. அதுவரை தனக்குச் சமைக்கவே தெரியாது என்று ஷூட்டே-லிஹோட்ஸ்கியே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவருடைய வாழ்க்கை சமையலறையோடு முடிகிற கதையும் அல்ல. நாஜிகளுக்கு எதிரான இயக்கத்தில் சேர்ந்து 1941இல் கைதாகி, 1945 வரை சிறையில் இருந்தார். 2000இல், 103ஆம் பிறந்தநாளுக்குச் சில நாட்கள் முன் இறந்தார். எல்லோரும் அந்த ஒரு சமையலறையைப் பற்றியே கேட்டதில் அவருக்கு எரிச்சல் இருந்தது. இந்தப் பதிலிலும் நான் அதைத்தான் செய்திருக்கிறேன்.

அங்கே குடியேறியவர்களுக்கு அது பிடித்ததா?

எல்லோருக்கும் இல்லை. அதுவரை உழைக்கும் குடும்பங்களுக்கு அடுப்பிருக்கும் அறைதான் கூடம். குளிர் காய்வது, சாப்பிடுவது, பிள்ளை படிப்பது, சில வீடுகளில் படுப்பது எல்லாம் அங்கேதான். புதிய வீட்டில் அந்த அறையிலிருந்து எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, ஒருவரை மட்டும் உள்ளே நிற்க வைத்தது போல ஆயிற்று. பலர் அந்தக் குறுகிய இடத்திலும் எப்படியோ ஒரு சாப்பாட்டு மேசையை நுழைக்கப் பார்த்தார்கள். பெயர் பொறித்த இழுப்பறையில் பெயருக்குச் சம்பந்தமே இல்லாததைப் போட்டார்கள். அந்த இழுப்பறைகள் குழந்தைகளின் கைக்கெட்டும் உயரத்தில் இருந்தன. அப்புறம் என்ன நடந்திருக்கும் என்று சொல்லவா வேண்டும்!

என் கருத்து இது. அந்த அறையில் தப்பான அளவு எதுவும் இல்லை, ஆனால் எல்லா அளவும் ஓர் ஆளுக்கானது. இரண்டாவது ஆள் உள்ளே வந்தால் முதலாமவர் நகர வேண்டும். வேலையைப் பகிர்ந்துகொள்ள மனம் இருந்தாலும் தரையில் இடம் இல்லை. இந்த அனுமானம் இன்றைய வரைபடங்களிலும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

'வேலை முக்கோணம்' என்பது இன்றைக்கும் செல்லுமா?

அடுப்பு, தொட்டி, ஃப்ரிட்ஜ் மூன்றையும் கோட்டால் இணைத்தால் வரும் முக்கோணம். கில்பிரெத்தின் ஆய்வுகளிலிருந்து வளர்ந்த இந்த எண்ணத்தை 1940களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம் விதியாக்கியது. ஒவ்வொரு பக்கமும் 4 அடி முதல் 9 அடிக்குள், மூன்றும் சேர்ந்து 26 அடிக்குள். பக்கம் அதைவிடக் குறைந்தால் இடிபடும், கூடினால் கால் வலிக்கும்.

ஒருவர் சமைக்கும் வீட்டில் நன்றாகவே செல்லும். இருவர் சமைத்தால் ஒருவர் முக்கோணத்தை இன்னொருவர் குறுக்கே வெட்டுவார். அங்கே முக்கோணத்தைவிட நடைபாதை அகலம் முக்கியம். இரண்டு மேடைகளுக்கு நடுவில் ஒருவருக்கு 42 அங்குலம், இருவருக்கு 48 அங்குலம் விடச் சொல்வார்கள். அந்த 6 அங்குலத்தில்தான் 'கொஞ்சம் நகரேன்' என்பது குறைகிறது.

ஒரு சோதனை சொல்கிறேன். சமையலறைப் படத்தைத் தாளில் போட்டு அட்டையில் ஒட்டி, அடுப்பு, தொட்டி, குப்பைத்தொட்டி, உப்பு இருக்கும் தட்டு என்று ஒவ்வொன்றிலும் ஒரு குண்டூசி குத்துங்கள். ஒருவர் சமைக்க, இன்னொருவர் அவர் போகும் வழியெல்லாம் நூலைச் சுற்றிக்கொண்டே வரட்டும். எங்கள் வீட்டில் செய்தபோது நூல் அடுப்புக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவில் தடிக்கவில்லை. தொட்டிக்கும் குப்பைத்தொட்டிக்கும் நடுவில் கயிறாகத் திரண்டிருந்தது. முக்கோணத்தில் குப்பைத்தொட்டியே கிடையாது. அதை இரண்டடி நகர்த்தினோம், செலவு எதுவும் இல்லை.

மேடை உயரம் ஏன் எங்கும் ஒரே மாதிரி இருக்கிறது?

தொழிற்சாலையில் செய்து வரும் அலமாரிகள் ஒரே உயரத்தில் இருந்தால்தான் அடுக்க முடியும், அடுப்பும் பாத்திரம் கழுவும் இயந்திரமும் அடியில் நுழையும். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் 36 அங்குலம் என்று நிலைத்தது, அதாவது 91 செ.மீ. பல நாடுகளில் 85 முதல் 90 செ.மீ.

உடம்பு வேறு கணக்குச் சொல்லும். முழங்கையை மடக்கி நின்றால், முழங்கைக்கு 10 முதல் 15 செ.மீ. கீழே மேடை இருப்பது வெட்டும் வேலைக்கு வசதி. 150 செ.மீ. உயரமுள்ளவருக்கு முழங்கை ஏறக்குறைய 94 செ.மீ.இல் இருக்கும். அவருக்கு வேண்டிய மேடை 79 முதல் 84. அவரை 91 செ.மீ. மேடை முன் நிற்க வைத்தால் தோளைத் தூக்கிக்கொண்டே வெட்டுவார். மாலையில் கழுத்து வலி என்பார், காரணம் வயது என்று நினைத்துக்கொள்வார்.

தொட்டிக்குக் கணக்கு தலைகீழ். கை வேலை செய்வது தொட்டியின் விளிம்பில் இல்லை, அடியில். 20 செ.மீ. ஆழத் தொட்டி என்றால் மேடையைவிட அவ்வளவு கீழே குனிய வேண்டும். அதனால் தொட்டி விளிம்பு கொஞ்சம் உயரலாம். அடுப்போ தாழலாம், பாத்திரத்தின் உயரமும் அதன் மேல் சேருகிறதே. ஆக நியாயமாகப் பார்த்தால் மூன்று உயரம் வேண்டும். பார்வைக்கு அழகு ஒரே நேர்க்கோடு. பெரும்பாலான வீடுகளில் கோடுதான் ஜெயிக்கிறது.

என் சமையலறையைச் செய்தவர் மேடை நீளத்தை நாலு முறை அளந்தார். யார் சமைப்பார், அவர் எவ்வளவு உயரம் என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. இப்போது தொட்டிக்கு முன்னால் ஒரு மணைப்பலகை கிடக்கிறது. வருகிறவர்கள் தடுக்கிக்கொள்கிறார்கள்.

ஃப்ரிட்ஜ் என்ன மாற்றியது?

வீட்டின் குளிர்ந்த பக்கத்துச் சுவரை ஒட்டி இருந்த சரக்கறையை விழுங்கிவிட்டது. அதற்கு முன் பனிக்கட்டிப் பெட்டி இருந்தது, உருகிய தண்ணீரைத் தட்டில் பிடித்துக் கொட்ட வேண்டும். 1927இல் ஜெனரல் எலெக்ட்ரிக் வெளியிட்ட 'மானிட்டர் டாப்', தலையில் உருளை வைத்த வெள்ளைப் பெட்டி, பரவலாக விற்ற முதல் மின் ஃப்ரிட்ஜ்களில் ஒன்று. கடைக்குத் தினமும் போனவர்கள் வாரம் ஒரு முறை போனார்கள். சரக்கறை போன இடத்தில் இன்று மறுபடியும் சரக்கறை கேட்கிறார்கள், ஏனென்றால் வாரச் சாமான் ஃப்ரிட்ஜில் அடங்குவதில்லை.

இயந்திரங்கள் வந்து வேலை குறைந்ததா?

உழைப்பின் கடுமை குறைந்தது. நேரம் அந்த அளவுக்குக் குறையவில்லை. 1980களில் அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் காட்டியது இதைத்தான். விறகு பிளப்பது, தண்ணீர் சுமப்பது போன்ற, ஆண்களும் பிள்ளைகளும் செய்த வேலைகளை முதலில் இயந்திரம் எடுத்துக்கொண்டது. மிஞ்சியது பெண்ணின் வேலை, அதிலும் எதிர்பார்ப்பு கூடிவிட்டது. கழுவுவது சுலபமானால் அடிக்கடி கழுவச் சொல்வார்கள்.

பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கு 1886இல் காப்புரிமை பெற்ற ஜோசஃபின் காக்ரன், தன் நல்ல பீங்கான் உடைவது பிடிக்காமல் அதைச் செய்தார். கம்பிக்கூண்டில் தட்டுகளை நிறுத்தித் தண்ணீரைப் பீய்ச்சும் வழி அவருடையது. முதலில் வாங்கியவை ஓட்டல்கள். வீடுகளில் அவ்வளவு வெந்நீருக்கு வழியில்லை. நுண்ணலை அடுப்புக்கும் இதே பாதை: 1945இல் பெர்சி ஸ்பென்சர் ரேடார் கருவியருகே வேலை செய்தபோது பிறந்த யோசனை, 1947இல் ஆளுயரத்துக்கு 340 கிலோ எடையில் வந்து, 1967இல்தான் மேடைமேல் வைக்கிற அளவுக்குச் சுருங்கியது.

சமையலறையே இல்லாத வீடு என்று யாராவது முயன்றார்களா?

முயன்றார்கள், அதுவும் நல்ல காரணத்துக்காக. 1868 வாக்கில் அமெரிக்காவில் மெலுசினா ஃபே பியர்ஸ், பெண்கள் கூட்டாகச் சமைத்து அதற்குக் கூலி வாங்க வேண்டும் என்று எழுதினார். 1903இல் கோபன்ஹேகனில், ஒரு மையச் சமையலறையிலிருந்து சின்ன லிஃப்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் சாப்பாடு ஏறிவரும் குடியிருப்பைக் கட்டினார்கள். 1930 வாக்கில் முடிந்த மாஸ்கோவின் நார்கோம்ஃபின் கட்டடத்திலும் பொதுச் சமையலறை உண்டு.

அது பரவவில்லை. இரவு பதினொரு மணிக்குப் பசித்தால் யாரிடமும் கேட்காமல் எதையாவது சூடுபண்ணிக்கொள்ளும் உரிமையை மனிதர்கள் லேசில் விடமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

1959இல் சமையலறையை வைத்து இரண்டு தலைவர்கள் சண்டை போட்டார்களாமே?

ஆமாம். ஜூலை 24, மாஸ்கோவில் அமெரிக்கக் கண்காட்சி. அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவர் நிக்சனும் சோவியத் தலைவர் குருஷ்சேவும் எலுமிச்சை மஞ்சள் நிற மாதிரிச் சமையலறை முன் நின்று, எந்த அமைப்பு உயர்ந்தது என்று வாதாடினார்கள். அந்த அடுப்பில் தினமும் நிற்கப்போவது இருவரில் யாரும் இல்லை.

திறந்த சமையலறையா, மூடிய சமையலறையா?

அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் 1930களின் கடைசியில் கட்டிய சிக்கன வீடுகளில் அடுக்களையைக் கூடத்தோடு சேர்த்து, 'வேலையிடம்' என்று பெயர் வைத்தார். வேலைக்காரர் மறைந்த வீட்டில் சமைக்கிறவரை மறைத்து வைக்கக் காரணம் இல்லை. எனக்கும் திறந்த அடுக்களை பிடிக்கும், சமைப்பவர் பேச்சிலிருந்து விலக்கப்படுவதில்லை. ஆனால் சத்தால்ஹூயூக்கின் கரி படிந்த விலா எலும்பை மறந்துவிடாதீர்கள். சுவரை இடித்தால் புகையும் கூடத்துக்கு வந்துவிடும்.

புகை பழங்கதை இல்லை. விறகு, கரி, சாணம், மண்ணெண்ணெய் போன்றவற்றில் இன்னும் சுமார் 210 கோடி பேர் சமைக்கிறார்கள். வீட்டுப் புகையால் 2020இல் 32 லட்சம் பேர் இறந்ததாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. கேஸ் அடுப்பிலும் நைட்ரஜன் டை ஆக்சைடு வருகிறது, கண்ணுக்குத்தான் தெரியாது. ஆகவே திறந்த அடுக்களை வேண்டுமென்றால் முதலில் புகையுறிஞ்சிக்குப் பணம் ஒதுக்குங்கள். அதன் குழாய் வெளியே போக வேண்டும். கரி வடிகட்டி வழியாகக் காற்றை அறைக்குள்ளேயே திருப்பி விடும் வகை வாடையைக் குறைக்கும், ஈரத்தையும் வாயுவையும் அப்படியே விட்டுவிடும். இன்னொன்று, முன் அடுப்பைவிடப் பின் அடுப்பில் வைத்தால் உறிஞ்சி நன்றாகப் பிடிக்கும்.

மேடைக்கு எந்தக் கல் நல்லது?

இயற்கைக் கருங்கல், எவர்சில்வர், லேமினேட், மரம் எதுவானாலும் பழகிக்கொள்ளலாம். ஒன்றில் மட்டும் தயங்குவேன்: கல்தூளைப் பிசினில் கலந்து செய்யும் செயற்கைக் குவார்ட்ஸ். பழைய வகைகளில் சிலிக்கா 90 சதவீதத்துக்கு மேலும் இருக்கும். வீட்டில் கிடக்கும்போது ஆபத்தில்லை. பட்டறையில் அதை அறுத்து மெருகேற்றும்போது பறக்கும் தூள், வெட்டுகிற இளைஞர்களின் நுரையீரலில் சிலிகோசிஸ் என்ற ஆறாத நோயை உண்டாக்குகிறது. ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அதைத் தடை செய்தது. சமையலறைக்கு முன்னால் யார் நிற்கிறார் என்று கேட்கும்போது இவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வாடகை வீடு, இடிக்க முடியாது. ஒரே ஒரு மாற்றம் செய்யலாம் என்றால் எதைச் செய்வது?

விளக்கு. பெரும்பாலான சமையலறைகளில் விளக்கு கூரை நடுவிலோ பின்சுவரிலோ இருக்கும். மேடையைப் பார்த்து நிற்பவரின் முதுகில் வெளிச்சம் விழும், வெட்டும் பலகை மேல் அவர் நிழலே விழும். பகலில் சன்னல் காப்பாற்றும், பொழுது சாய்ந்ததும் சொந்த நிழலில் கத்தி பிடிக்க வேண்டியதுதான். மேல் அலமாரியின் அடியில், முன் விளிம்பை ஒட்டி, ஒரு மெல்லிய எல்இடி பட்டை ஒட்டுங்கள். பின்சுவரை ஒட்டி வைத்தால் வெளிச்சம் சுவரைத்தான் காட்டும். ஒட்டுமுன், சமைக்கிறவரை மேடை முன் நிற்கச் சொல்லி, பட்டையைக் கையில் பிடித்துக் காட்டிப் பாருங்கள். அவர் கண்ணில் அடித்தால் ஓர் அங்குலம் உள்ளே தள்ளுங்கள்.